ஓசூரிலிருந்து ஒரு பச்சை வட்டம்

அண்ணன் ஓசூர் பேருந்து நிலையத்தில் தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தார். தை மாதம். விடிந்து ஒரு மணி நேரமாகியும் பனி விலகவில்லை. துண்டைத் தலையில் சுற்றிக் காதுகளை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது என்று மதினி போனில் சொல்லியிருந்தார். நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

"ஏல, இந்தக் குளிர்ல மனுசன் எப்பிடில இருக்கான்?" என்றார்.

"பழகிரும்ணே."

"எனக்கு என்னத்தப் பழக? வாட்ச்மேன் வேல ஏதும் இருந்தாப் பாத்துச் சொல்லு. கம்பளிச் சட்ட குடுப்பானுவல்லா?"

சூசை அண்ணன் நாற்பது வருடம் வள்ளம் ஓட்டியவர். அவரைக் கடலிலிருந்து பிடுங்கி இந்தப் பனியில் கொண்டுவந்து உட்கார வைத்தது நான். அது அன்றைக்கு உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர், மதினி, நான். ஊர் அவரைப் பேராசைக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் கம்பெனியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "கடற்கரையில் பிறந்தவர், கடலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதோ எழுதுகிறேன். படித்த பிறகு, கேட்டிருக்க வேண்டாமே என்று அவருக்குத் தோன்றலாம்.

மூவாயிரம் அடி உயரத்தில்

எங்கள் ஊர் கன்னியாகுமரிக்குக் கிழக்கே, திருநெல்வேலிக் கடற்கரையில் இருக்கிறது. அப்பா, தாத்தா, அண்ணன் எல்லோரும் கடல். நான் மட்டும் ஐடிஐ. எனக்குக் கடலில் வாந்தி வரும். பரதவன் வீட்டுப் பிள்ளைக்கு வள்ளத்தில் வாந்தி வந்தால் அந்தக் குடும்பம் எவ்வளவு கேலியைத் தாங்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சான்றிதழ் கைக்கு வந்த வாரமே ஓசூருக்கு பஸ் ஏறினேன்.

ஓசூர், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரம். எந்த அலையும் எட்டாது. சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகன் ஆனேன். சிங்காரப்பேட்டைப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். மீன் வாங்கினால்கூட ஏரி மீன்தான். கடலை ஜெயித்துவிட்டதாக வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கையில் நல்ல போன் வந்ததும் பிடித்துக்கொண்டது ஒரு பைத்தியம். அதில் வானிலை வரைபடத்தைத் திறந்தால் இந்துமாக்கடல் முழுவதும் உள்ளங்கைக்குள் விரியும். காற்று வெள்ளைக் கோடுகளாக ஓடும். ஆனி, ஆடியில் அரபிக்கடல் சிவந்து கிடக்கும். ஐப்பசியில் அந்தமானுக்குத் தெற்கே ஒரு சுழி தோன்றும். அது ஆந்திராவுக்குப் போகுமா, நம் பக்கம் திரும்புமா என்று கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வருவேன். கடல் வானிலை அறிக்கையை எங்கெங்கோ தேடிப் படித்தேன். காற்று எத்தனை நாட் வேகம், எந்தத் திசை, அலை எத்தனை மீட்டர், எல்லாம் மனப்பாடம்.

என்னோடு வேலை பார்த்த மஞ்சுநாத், கர்நாடக எல்லையோரத் தளிக்காரர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், மெஷினைத் திட்டுவதற்கு மட்டும் தெலுங்கு. கேன்டீனில் என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார்.

"என்னா குரு, இன்னைக்கு சமுத்திரம் எப்பிடி கீது?"

"தெற்கே கொஞ்சம் எழும்பியிருக்கு."

"அது கெடக்கட்டும். தளியில நாளைக்கு கோசு அறுக்கலாமா வேணாமா, அத உன் போன் சொல்லுமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு 'வானிலை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடலுக்கு இறங்கப் பயந்து ஓடியவன், கடலைக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்து அதிகாரம் பண்ணினேன் என்பதுதான் உண்மை. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

கடல் பார்க்கிறவர்

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன்னால், அந்த வள்ளத்தின் தண்டல், அதாவது அதற்குத் தலைவராக இருப்பவர், தனியாகத் தண்ணீர் ஓரத்துக்குப் போவார். மற்றவர்கள் பத்தடி பின்னால் நிற்பார்கள். அவர் காற்றைப் பார்ப்பார், அலை உடையும் இடத்தைப் பார்ப்பார், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் எண்ணுவார். இதற்குக் 'கடல் பார்ப்பது' என்று பெயர்.

பார்த்து முடித்து அவர் வள்ளத்தை நோக்கி நடந்தால், போகிறோம். வீட்டை நோக்கி நடந்தால், இல்லை. யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்பது அபசகுனம். உயிரை அந்தக் கண்ணிடம் கொடுத்துவிட்ட பிறகு கேள்வி எதற்கு?

அண்ணன் நன்றாகக் கடல் பார்ப்பார். ஆனால் கொஞ்ச வருடமாகக் கடல் முன்போல் இல்லை. வாடை வர வேண்டிய மாதத்தில் வாடை இல்லை. தெற்கிலிருந்து அடிக்கும் சோழகம் அடங்க வேண்டிய நாளில் அடங்குவதில்லை. ஒருமுறை தெளிந்த வானத்தை நம்பிப் போய், நடுக்கடலில் மாட்டிக்கொண்டு, வலையை அறுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, என்னைத் தனியாகப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"ஏல, நீ போன்ல என்னமோ பாப்பியாமே. மதினி சொன்னா. எனக்கும் தெனமும் அனுப்பு. ஆனா ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது, பாத்துக்க."

என் அண்ணன் என்னிடம் கடலைப் பற்றிக் கேட்கிறார்! வாந்தி எடுத்தவனிடம்! அந்தக் கணத்தில் நான் வளர்ந்த உயரத்துக்கு ஓசூர் ஒரு பள்ளம்.

பச்சை முனை, சிவப்பு முனை

முதலில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். காற்று இத்தனை, திசை இது, அலை இத்தனை, இரண்டு அலைக்கு நடுவே வினாடி இத்தனை. நான்காம் நாள் அண்ணன் கூப்பிட்டார்.

"என்னல, பரீட்சைத் தாள் மாதிரி அனுப்புத. மதினி வாசிச்சு முடிக்கதுக்குள்ள கடலே வத்திரும். போலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு கேஜ் உண்டு. சின்ன இரும்புக் கம்பி, இரண்டு முனை. துளை போட்ட உருப்படி வந்தால் பச்சை முனையை விட்டுப் பார்ப்போம், நுழைய வேண்டும். சிவப்பு முனையை விட்டுப் பார்ப்போம், நுழையக் கூடாது. நுழைந்துவிட்டால் அந்த உருப்படி குப்பைக்கு. வாதம் கிடையாது, யோசனை கிடையாது. அரசர் வந்து சிபாரிசு செய்தாலும் குப்பைதான். இருபது வருடம் நான் இப்படித்தான் உலகத்தைப் பார்த்து வந்திருக்கிறேன்.

கடலுக்கும் ஒரு கேஜ் செய்தேன். அலை உயரம் இரண்டு மீட்டருக்குக் கீழே என்றால் பச்சை வட்டம். இரண்டைத் தொட்டால் சிவப்பு வட்டம். அதிகாலை ஐந்து மணிக்கு, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மதினியின் போனுக்கு ஒரே ஒரு வட்டம் அனுப்புவேன். மதினி அடுப்படியில் நின்று பார்த்து, அண்ணனிடம் நிறத்தைச் சொல்வார். அதற்குப் பிறகு அண்ணன் கரைக்குப் போய், தண்ணீர் ஓரத்தில் நின்று கடல் பார்ப்பார்.

பலித்தது. அதுதான் கஷ்டகாலம். ஒரு புரட்டாசியில் எல்லா வள்ளமும் போனபோது அண்ணன் மட்டும் வீட்டை நோக்கி நடந்தார். ஓசூரிலிருந்து சிவப்பு. போனவர்கள் மத்தியானம் நொந்து நூலாகித் திரும்பினார்கள். இன்னொரு முறையும் அப்படியே ஆனது. அண்ணனின் பெயர் ஊரில் ஏறியது. சூசை பார்த்தால் பார்த்ததுதான் என்றார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் லூர்து வந்து சேர்ந்தான். முப்பது வயதுகூட இருக்காது. வேறு வள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவனை, அவன் மனைவி சகாயம் பிடிவாதம் பிடித்து அண்ணன் வள்ளத்துக்கு மாற்றினாள். மதினி இதை எனக்குப் போனில் சொன்னபோது குரலில் அவ்வளவு பெருமை. எனக்கும்தான். யாருக்கும் தெரியாத பெருமை, ஆனாலும் பெருமை.

ஒன்று புள்ளி ஒன்பது

சித்திரை கடைசி. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டு வள்ளங்கள் போகலாம். அந்த மாதத்தில்தான் அவர்களுக்கு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும்.

ஓசூரில் அன்று இலை அசையவில்லை. தேன்கனிக்கோட்டை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு போனைத் திறந்தேன். எங்கள் கரையிலும் காற்றே இல்லை. அலை உயரம் ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர்.

ஒன்று புள்ளி ஒன்பது, இரண்டுக்குக் கீழே. கேஜின் பச்சை முனை நுழைந்துவிட்டது. பச்சை வட்டத்தை அனுப்பினேன். பஸ் வந்தது. ஏறி, தூங்கினேன்.

எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்கு வைத்தேன். இரண்டரை மணிக்கு ஷிப்ட் முடிந்து எடுத்தேன். மதினியிடமிருந்து முப்பதுக்கு மேல் அழைப்புகள்.

பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே கூப்பிட்டேன்.

"தம்பி," என்றார் மதினி. பின்னால் பெண்கள் அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார். "லூர்துவக் காணல தம்பி. ஒங்க அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. கை தொங்குது."

வள்ளத்தில் மூன்று பேர். போகும்போது ஒன்றுமில்லை. பதினோரு மணிக்குத் திரும்பிக் கரையை நெருங்கும்போது பின்னாலிருந்து வரிசையாக அலை எழும்பியிருக்கிறது. முதல் இரண்டைத் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது வள்ளத்தின் பின்புறத்தைத் தூக்கி அப்படியே குப்புறக் கவிழ்த்துவிட்டது. இரண்டு ஆள் உயரம் இருந்தது அந்த அலை என்று கரையில் நின்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் நீந்திக் கரையேறினார். அண்ணன் வள்ளத்துக்கும் அலைக்கும் நடுவே மாட்டி, தோள் உடைந்து ஒதுங்கினார். லூர்து மறுநாள் காலை ஒதுங்கினான்.

அன்றைக்கு அண்ணன் வள்ளத்தைத் தவிர வேறு எதுவும் கடலுக்குப் போகவில்லை. மற்ற தண்டல்கள் எல்லோரும் கடல் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள்.

அடிக்குறிப்பு

இரண்டு வாரம் நான் அந்த அறிக்கையைத் திறக்கவே இல்லை. பிறகு, வேண்டாத புண்ணைச் சொறிவதுபோல, அந்த நாளைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். என் கணக்கு எங்கே பிசகியது என்று பார்க்க நினைத்தேன். சரியாகச் சொன்னால், பிசகியது அறிக்கைதான் என்று நிரூபிக்க நினைத்தேன்.

அறிக்கை சரியாகத்தான் இருந்தது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஒரு குறிப்பு. இங்கே சொல்லப்படும் அலை உயரம் என்பது உச்ச அளவு அல்ல. எழும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலைகள் இதைப்போல் இருமடங்கு வரை எழலாம்.

சராசரி.

எங்கள் தொழிலில் வரைபடத்தில் ஓர் அளவு போட்டால் அதுதான் எல்லை. ஒரு மயிரிழை தாண்டினாலும் குப்பை. ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, "இது சும்மா சராசரி, சிலது இரண்டு மடங்கும் வரும்" என்று எந்த வரைபடமும் சொல்லாது. அதனால் எண்ணைப் பார்த்ததும் எல்லை என்று எடுத்துக்கொண்டேன். சந்தேகமே வரவில்லை. கடலில் பிறந்த எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். எல்லா அலையும் ஒரே உயரம் இல்லை என்பது அங்கே தவழும் பிள்ளைக்குத் தெரியும். கடல் தெரியாத பட்டணத்துக்காரனும் செய்ய மாட்டான், அவன் யாருக்கும் வட்டம் அனுப்புவதில்லை. இரண்டும் கெட்டானாக ஒருவன் வேண்டியிருந்தது. நான் இருந்தேன்.

அந்தக் குறிப்புக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே, தென்கடலில் எழுந்த புயலின் அலைகள் அன்று எங்கள் கரைக்கு வந்து சேரும், சிறிய வள்ளங்கள் கரையோரத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று. அந்த அலைகளுக்குக் காற்று வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, நாள்கணக்கில் பயணம் செய்து, வெயில் காயும் அமைதியான கரையில் வந்து எழும்பும். மலையாளக் கரையில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். இதெல்லாம் எனக்குத் தெரியும். கேன்டீனில் மஞ்சுநாத்துக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனால் அன்று நான் எண்ணுக்குக் கீழே படிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஓர் ஆளைத் தின்றுவிட்டது.

மறுபடியும் பேருந்து நிலையம்

அந்தத் தை மாதக் காலையில் அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். இடது கையால் கிளாஸைப் பிடித்துக் குடித்தார். சூட்டுக்காக அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவரோடு இனி வள்ளத்தில் ஏற ஊரில் ஆள் இல்லை. கையும் இல்லை. தடைக்கால விலைக்கு ஆசைப்பட்டு அடுத்தவன் உயிரை வாங்கிவிட்டான் என்று பேச்சு. கோவில் படிக்கட்டில்கூடச் சிலர் ஒதுங்கிப் போகிறார்களாம்.

எட்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன். குறிப்பைப் பற்றி, சராசரியைப் பற்றி, படிக்காமல் பஸ் ஏறியதைப் பற்றி. பக்கத்தில் கன்னடத்தில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியும்ல," என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் கடல் சரியில்லன்னு. போயி நின்னம்லா. அல அடிச்சிட்டு வெகுநேரம் சும்மா கெடந்துச்சு. அப்புறம் சேத்து வச்சு மூணு அடிச்சுச்சு. தெக்க இருந்து வாரது அது. என் கண்ணு வேண்டாம்னு சொல்லிச்சு. மதினி பச்சன்னு சொல்லிருந்தா." கிளாஸைக் கீழே வைத்தார். "என் கண்ண விட ஒன் வட்டந்தான் பெருசுன்னு நெனச்சிட்டேன்."

"நான் ஊருக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன்ணே. எம்மேல போகட்டும் பழி," என்றேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அந்தக் கோபத்தை அதற்கு முன்னால் நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"வாயத் தொறந்தேன்னா பாத்துக்க. பேராசக்காரன்னு சொல்லுதானுவ, சொல்லிட்டுப் போறானுவ. அது மனுசனுக்கு உள்ளதுதான். ஓசூர்ல கேட்டுட்டுக் கடலுக்குப் போனவன்னு ஒருத்தன் சொல்லப்படாது. தண்டலா இருந்தவம்ல நான்."

தலையாட்டினேன். சத்தியம்கூடச் செய்தேன். ஒரு கம்பெனியில் காவலாளி வேலை வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில்தான் தங்கினார், மதினி ஊரிலேயே இருந்தார். என் போனை அவர் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. டிவியில் வானிலை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சகாயம்

சித்திரையில் லூர்துவுக்கு ஓராண்டுப் பூசை. நான் மட்டும் போனேன். அண்ணன் வரவில்லை. பூசை முடிந்து சகாயத்தைப் பார்க்கப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கறுப்புக் காப்பி கொடுத்தாள். வெளியே கடல் சும்மா கிடந்தது.

"சூசையண்ணன் சொகமா இருக்காவளா?" என்று அவளாகவே கேட்டாள். அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணன் மேல் இருக்கும் பழியைத் துடைக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வட்டம், நிறம், ஒன்று புள்ளி ஒன்பது. அழுதேன். அவள் அழவில்லை.

"அப்பம் சூசையண்ணன் கடல் பாக்கலயாண்ணே?"

"பாத்தாரு. ஆனா அதுக்கு முன்னாலயே..."

"தண்ணி ஓரத்துல நிப்பாவல்லா தெனமும், தனியா. அது சும்மாவா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவர அந்த வள்ளத்துக்கு மாத்திவிட்டது நாந்தாம்ணே. சூசையண்ணன் கண்ணு பொய் சொல்லாதுன்னு நாந்தான் சண்ட போட்டு அனுப்புனேன்." என் காப்பி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "பேராசைல கொன்னுட்டான்னு ஊர் சொல்லும்போதெல்லாம் நான் ஒத்த ஆளா நின்னு சொல்லுவேன். அப்பிடி இல்ல, அவிய பாத்துட்டுத்தான் போனாவ, கடல் ஏமாத்திட்டுன்னு. இனி நான் என்னத்தண்ணே சொல்ல?"

அந்த ஊரில் என் அண்ணனுக்காகப் பேசிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வாய். அது லூர்துவின் மனைவியின் வாய். அதைத்தான் நான் போய் அடைத்துவிட்டு வந்தேன்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. நான் ஓசூர் வந்து சேர்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கரையில் சின்னப் பையன்கள் வள்ளம் தள்ளும்போது "ஓசூர்ல கேட்டாச்சா?" என்று கத்துகிறார்களாம். மதினி இதைப் போனில் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் மதினி அதற்குப் பிறகு பேசவில்லை. இன்றுவரை இல்லை.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்று மட்டும் சாதத்தை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒங்க பாரத்த எறக்கி வெக்கறதுக்கு அவரு தலைதான் கெடச்சுதா?"

பழியைத் துடைக்கப் போனேன் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது பொய். எனக்கு இலேசாக வேண்டியிருந்தது. சொல்லி முடித்து அந்த வீட்டுப் படியிறங்கியபோது எனக்கு உண்மையாகவே இலேசாகத்தான் இருந்தது. இந்தத் தொடரில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்காக என்னைத் திட்டுவதற்கு மட்டும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை.

அண்ணன் சண்டை போடவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள், போர்வையை மடித்து வைத்துவிட்டுப் பையோடு போய்விட்டார். காவலாளிகளுக்குக் கம்பெனியே கொடுக்கும் தகர அறைக்கு மாறிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. போன் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு அந்தக் கம்பெனி வாசலுக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வருகைப் பதிவேட்டை இடது கையால் என் பக்கம் திருப்பி வைத்து, மேலே பேனாவை வைத்தார்.

என் பெயரை எழுதினேன். ஊர் என்ற இடத்தில் ஓசூர் என்று எழுதினேன். யாரைப் பார்க்க என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து, "அண்ணே" என்றேன்.

"எழுதிட்டுத் தள்ளி நில்லுங்க சார். பின்னால லாரி நிக்கி," என்றார்.